அடுப்படி என்று பேர் வைத்த சந்து

போன வாரம் உங்களில் நாலு பேர் என் வீடு தேடி வந்தீர்கள். குப்பையைப் பொதியாக அமுக்கிக் கட்டுகிற மெஷின் வரப்போகிறது, அது வந்துவிட்டால் கிடங்கு இன்னும் பல வருஷம் தாங்கும் என்று சந்தோஷமாகச் சொன்னீர்கள். "சார், எழுபதுகள்லயே நீங்க இதைச் செஞ்சு பாத்தீங்களாமே, எப்படி இருந்துச்சு?" என்று அதில் ஒரு தங்கச்சி கேட்டது. நான் காப்பி குடிக்கிற சாக்கில் பதில் சொல்லாமல் இருந்துவிட்டேன். பெரியவருக்கு மறதி என்று நினைத்துக்கொண்டு நீங்களும் கிளம்பிவிட்டீர்கள். மறதியாவது மண்ணாங்கட்டியாவது! பயம், தம்பி. வாயால் சொல்ல வரவில்லை, அதனால் எழுதித் தருகிறேன். வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற எல்லாரும் வாங்கிப் படியுங்கள்.

அப்போது நான் சுகாதார ஆய்வாளர். முப்பத்திரண்டு வயது. காக்கிக் கால்சட்டை, வெள்ளைச் சட்டை, கையில் குடை, வாயில் எந்நேரமும் ஓர் அதட்டல். தென்காசிக் குப்பைதான் எனக்குப் பொறுப்பு. சீசன் வந்துவிட்டால் குற்றாலத்துக் குப்பையும் என் தலையில் விழும். தென்காசிக் குப்பை வருஷம் முழுக்க வருகிற குப்பை. அதற்கு ஒரு கணக்கு உண்டு. குற்றாலத்துக் குப்பை இரண்டு மாதம்தான் வரும், ஆனால் மீதிப் பத்து மாதத்தையும் சேர்த்து முழுங்கிவிடும். வாழை இலை, மாம்பழத் தோல், பலாச் சக்கை, ஓலைப்பெட்டி, அதோடு துணி. மூட்டை மூட்டையாகத் துணி. உங்களுக்குத்தான் தெரியுமே, இங்கே குளிக்க வருகிறவர்கள் உச்சி முதல் பாதம் வரை எண்ணெய் தேய்த்துக்கொண்டுதான் அருவிக்குள் போவார்கள். தேய்த்துவிடுகிறவர்கள் கை துடைத்த கந்தல், குளித்தவர்கள் கட்டியிருந்து அவிழ்த்துப் போட்ட துண்டு, கோவணம் எல்லாம் நல்லெண்ணெயில் ஊறிப்போய் பாறைமேல் கிடக்கும்.

எங்கள் கிடங்கில் ஏழு குழிகள். ஆறு நிறைந்துவிட்டது. சுற்றிலும் நெல் வயல். ஒரு அடி கூடத் தரமாட்டோம் என்று வயல்காரர்கள் கையை விரித்துவிட்டார்கள். ஏழாவதும் நிறைந்தால் ரோட்டில்தான் கொட்ட வேண்டும். அந்தச் சமயத்தில்தான் எங்கள் ஆபீசர் ஒரு காரியம் செய்தார். சிவகிரிப் பக்கம் மூடிக்கிடந்த ஒரு பஞ்சு அரவை ஆலையில், பஞ்சை அமுக்கிப் பொதி கட்டுகிற கைப்பிரஸ் ஒன்று துருப்பிடித்துக் கிடந்தது. அதைக் கொண்டுவந்து கிடங்கில் நட்டுவிட்டார். ஆறு பேர் கம்பைப் பிடித்துச் சுற்றினால் மேலே இருக்கிற பலகை கீழே இறங்கும். ஆள் உயரக் குவியல் ஒரு டிரங்குப் பெட்டி அளவுக்கு ஒடுங்கிவிடும். அப்படியே இரும்புப் பட்டை போட்டுக் கட்டி, செங்கல் அடுக்குவதுபோல அடுக்கிவிடலாம். நல்ல யோசனைதான், குறை சொல்ல மாட்டேன். பிரஸ் ஓடின நாள் வரைக்கும் ஏழாவது குழி பாதிகூட நிறையவில்லை.

ஒரே ஒரு தொந்தரவு. வாழை இலையும் சருகும் அமுக்கினால் அடங்காது, திமிரும். பொதியை பிரஸ்ஸை விட்டு இறக்கினதும் படாரென்று பட்டை தெறித்து, குப்பை முகத்தில் வந்து அடிக்கும். ஒரு வாரம் நானும் பார்த்தேன். பிறகு என் மூளை வேலை செய்தது. குப்பைக்கு நடுவில் துணியை வைத்து அமுக்கினால் என்ன? எண்ணெய்த் துணி கனமானது, திமிராது, சொன்னபடி அடங்கும். வைத்துப் பார்த்தேன். பொதி கல்லு மாதிரி நின்றது. ஆபீசர் வந்து பார்த்துவிட்டு என் முதுகில் தட்டினார். "மூளைக்காரன்யா நீ" என்றார். அவ்வளவுதான், எனக்குத் தலையில் இரண்டு கொம்பு முளைத்துவிட்டது. அருவிக்கரைத் துணியை எல்லாம் தனியாகப் பொறுக்கிக் கொண்டுவர ஆள் போட்டேன்.

அந்த ஆள் பெயர் முப்பிடாதி. காலையில் ஐந்தருவிக்குப் போய்த் துணியைச் சாக்கில் அள்ளி, மத்தியானம் குப்பை லாரியில் ஏறி வந்துவிடுவாள். அந்தத் துணியைப் பொதியின் நடுவில் வைத்து அமுக்குகிற வேலை அவள் வீட்டுக்காரர் சுடலைக்கு. சுடலைக்கு என்னைவிடப் பத்து வயதாவது கூட இருக்கும். மெலிந்த உடம்பு, இளைப்பு நோய், சாரல் காலத்தில் நெஞ்சு கரகரவென்று இழுக்கும். இப்போது 'அவர்' என்று எழுதுகிறேன். அப்போது நான் 'ஏலே சுடலை' என்றுதான் கூப்பிடுவேன். அந்த ஆபீசில் எல்லாரும் அப்படித்தான் கூப்பிட்டோம், யாருக்கும் அது உறுத்தவில்லை.

பொதிகளை இரண்டு வரிசையாக அடுக்கினோம். மேலே தகரக் கூரை. இரண்டு வரிசைக்கும் நடுவில் ஓர் ஆள் போய்வர ஒரு சந்து. மேற்கே மலையிலிருந்து சாரல் சாய்த்து அடித்ததால் சந்தின் மேற்கு வாயைத் தார்ப்பாய் கட்டி அடைக்கச் சொன்னேன். அதுவும் என் உத்தரவுதான், குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்று வாரம் போயிருக்கும். அந்தச் சந்துக்குள் போனால் கதகதவென்று இருக்கிறது என்று ஆட்கள் பேசிக்கொண்டார்கள். வெளியே ஊசி மாதிரி சாரல், குளிரில் பல்லு கிட்டும். உள்ளே போய்ப் பொதியில் முதுகைச் சாய்த்தால் சுகமாக இருந்தது. ஈரத் துணியைப் பொதிமேல் விரித்தால் அரை மணியில் காய்ந்துவிடும். நானே என் குடையை அங்கே காயப்போட்டிருக்கிறேன். எண்ணெய்ச் சட்டி காய்கிற மாதிரி லேசான ஒரு வாசம்கூட வரும். ஆட்கள் அந்தச் சந்துக்கு 'அடுப்படி' என்று பேர் வைத்துவிட்டார்கள். "அடுப்படிக்குப் போயி ஒரு பத்து நிமிசம் இருந்துட்டு வாரேன்" என்பார்கள். சுடலை மட்டும் சாப்பாட்டு நேரம் முழுக்க அங்கேயே படுத்துக்கிடப்பார். நானும் சிரித்தேன். குப்பைக் கிடங்கில் அடுப்படி எங்கிருந்து வந்தது என்று ஒரு தடவைகூட யோசிக்கவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை, சாப்பாட்டு நேரம் முடிந்து மணி அடித்தும் சுடலை வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்துச் சந்துக்குள்ளிருந்து தள்ளாடிக்கொண்டு வந்தார். கால் ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கம். கண்ணும் உதடும் சிவந்திருந்தன. பிரஸ்ஸின் தூணைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார். எனக்குச் சுள்ளென்று வந்தது. மதுவிலக்கு இருந்த காலம் அது. ஆனாலும் யாருக்கு எங்கே கிடைக்கும் என்பது ஊரறிந்த ரகசியம். சுடலை ஒரு காலத்தில் குடித்தவர். விட்டுவிட்டேன் என்று அவர் சொல்லுவார், நாங்கள் யாரும் நம்பவில்லை.

"ஏலே, இங்கன வா. ஊது" என்றேன்.

வாயைத் திறந்து என் முகத்துக்கு நேரே ஊதினார். சாராய வாடை இல்லை.

"வெத்தலயப் போட்டு மறைச்சிருக்கியோ? வாயெல்லாம் செவந்து கெடக்கு."

"வெத்தல போடல சார். தல வலிக்கி. கிறுகிறுன்னு வருது."

"கிறுகிறுன்னு வராம என்ன செய்யும்? உள்ள போனது அப்படி!"

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் என் பேச்சு பிடித்திருந்தது.

வெள்ளிக்கிழமை மறுபடியும் அதே கூத்து. அடுத்த வாரம் மூன்றாவது தடவை. மூன்று தடவையும் எல்லார் முன்னாலும் ஊதச் சொன்னேன். மூன்றாவது தடவை, நான் சொல்வதற்கு முன்னாலேயே அவர் வாயைத் திறந்துவிட்டார். அன்றைக்குச் சாயங்காலம் முப்பிடாதி வந்து ஆபீஸ் வாசலில் நின்றாள்.

"சார், அவிய குடிய விட்டு ரெண்டு வருசமாச்சு. எங்காத்தா மேல சத்தியம். வீட்டுல நல்லாத்தான் இருக்காவ. ஞாயித்துக்கெழம ஒரு தலவலியும் இல்ல. இங்கன வந்தாத்தான் வருதுங்காவ."

"இங்கன வந்தாத்தான வேல செய்யணும்? அதான் தலவலி. போ, போயி சோலியப் பாரு."

அவள் போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமை தலைவலி இல்லை, இங்கே வந்தால்தான் வருகிறது என்று அவள் சொன்னபோதே விஷயம் முழுக்க என் மேஜைமேல் வந்து விழுந்துவிட்டது. எனக்கு அதைப் பார்க்கத் தெரியவில்லை. குடிகாரனின் பெண்டாட்டி வேறென்ன சொல்லுவாள் என்று தள்ளிவிட்டேன். மறுநாள் மெமோ எழுதினேன். இன்னொரு தடவை இப்படிக் கண்டால் தினக்கூலிப் பட்டியலிலிருந்து பெயர் நீக்கப்படும், போலீசுக்கும் தெரிவிக்கப்படும். ஆட்களை வரிசையாக நிற்கவைத்து உரக்கப் படித்தேன். சுடலை "சரி சார்" என்று பெருவிரல் ரேகை வைத்தார். இனிமேல் சந்துக்குள் யாரும் போய்ப் படுக்கக்கூடாது என்று அதோடு சேர்த்து ஓர் உத்தரவும் போட்டேன். காரணம் சொல்லவில்லை. சோம்பேறிகள் தூங்குகிறார்கள் என்பதுதான் என் மனதில் இருந்த காரணம்.

அதற்கு அடுத்த நாள்தான் அது.

அன்று காலை பிரஸ்ஸின் மரை இறுகிச் சுற்ற மாட்டேன் என்று நின்றுவிட்டது. சிவகிரியில் பஞ்சு ஆலைகளில் வேலை பார்த்த ஒரு பிட்டரை வரச் சொல்லியிருந்தோம். பையும் கையுமாக பஸ்ஸை விட்டு இறங்கி வந்தார். என் வயதுதான் இருக்கும். பேச்சே கிடையாது. அவர் பெயரை நான் கேட்கவில்லை, இன்றுவரை தெரியாது. நான் எப்படிப்பட்ட ஆளாக இருந்தேன் என்பதற்கு அது ஒன்றே போதும். மத்தியானத்துக்குள் மரையைச் சரிபண்ணிவிட்டார். சாப்பாட்டு மணி அடித்தது. ஆட்கள் எல்லாம் லாரி நிற்கிற கொட்டகைக்குள் ஒதுங்கினார்கள். முப்பிடாதியும் ஐந்தருவியிலிருந்து வந்து சாக்கை இறக்கினாள்.

பிட்டர் பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு பொதி வரிசைப் பக்கம் ஒதுங்கி நின்றார். சாய்வதற்காக ஒரு கையைப் பொதியில் ஊன்றினார். ஊன்றின கையை வெடுக்கென்று எடுத்தார். மூக்கைச் சுளித்து மோந்தார். வாயிலிருந்த பீடியை எடுத்துக்கொண்டு, ஓடாமல், ஆனால் மிக வேகமாக இருபது தப்படி தள்ளிப் போய், சேற்றில் போட்டு மிதித்தார். பீடியை ஏன் அப்படி மிதிக்கிறார் என்று எனக்குப் புரியவில்லை.

திரும்பி வந்து பையிலிருந்து ஒரு நீளக் கம்பியை எடுத்தார். பொதிக்குள் முழங்கை ஆழத்துக்குச் செருகினார். கொஞ்ச நேரம் அப்படியே விட்டு உருவினார். கூரை விளிம்பிலிருந்து ஒரு சொட்டுச் சாரல் தண்ணீர் கம்பியின்மேல் விழுந்தது. சுர்ரென்றது.

"சார், இதுக்குள்ள என்ன வச்சிருக்கீய?"

"குப்பைதான். நடுவுல எண்ணெய்த் துணி வச்சிருக்கோம், பொதி பிரியாம இருக்கதுக்கு. நம்ம யோசனைதான்."

பெருமையாகத்தான் சொன்னேன், தம்பி. அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"ஆலையில எண்ணெய் தொடச்ச கந்தல ஒரு மூலையில குமிச்சு வச்சாலே ஆள வேலைய விட்டுத் தூக்கிருவாவ. நீங்க அமுக்கிக் கட்டிப் போத்தி வச்சிருக்கீய. உள்ள தீ உக்காந்திருக்கு சார்."

"தீயா? இங்கன எவனும் பத்த வைக்கலியே!"

"யாரும் வைக்க வேண்டாம். சூடு ஏறி ஏறி அதுவே வந்து உக்காந்துக்கிடும். நாள்கணக்கா சத்தமில்லாம இருக்கும். காத்துப் பட்டா எந்திரிக்கும்."

எனக்கு முதலில் தோன்றியது தார்ப்பாயைக் கிழித்துச் சூட்டை வெளியே விடுவதுதான். குடையை எறிந்துவிட்டு மேற்குப் பக்கம் பாய்ந்தேன். அவர் என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டார். பிடியென்றால் இரும்புப் பிடி.

"கிழிச்சீயன்னா மலக்காத்து நேரா உள்ள போவும். உக்காந்திருக்கது எந்திரிச்சிரும். மொதல்ல ஆள எண்ணுங்க. உள்ள யாரும் இருக்காவளா?"

"யாரும் இல்ல. உள்ள போகக்கூடாதுன்னு நான் உத்தரவு போட்டிருக்கேன்."

"உத்தரவு கெடக்கட்டும். எண்ணுங்க."

எண்ணினேன். பன்னிரண்டு பேர் இருக்க வேண்டும். பதினொன்றுதான் வந்தது. மறுபடி எண்ணினேன். அதே பதினொன்று.

"சுடலை எங்கல?"

எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"அவன் குடிக்கப் போயிருப்பான். வரட்டும் சவத்துப்பய. இன்னையோட அவன் சீட்டு கிழிஞ்சுது!" என்று கத்தினேன்.

அப்போதுதான் முப்பிடாதி நகர்வதைப் பார்த்தேன். கூட்டத்தை விட்டு, சுவரோரம் பூனை போவதுபோல, சந்தின் கிழக்கு வாய்ப் பக்கமாகப் பைய நகர்ந்துகொண்டிருந்தாள்.

"ஏட்டி, எங்க போற? அங்கன போகாத! வெளிய வா!"

நின்றாள். என்னைப் பார்த்தாள். சந்தைப் பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்தாள். உள்ளே தீ இருக்கிறது என்று பிட்டர் சொன்னதை அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். சுடலையின் சீட்டு கிழிந்தது என்று நான் கத்தினதையும் கேட்டாள். இரண்டு பயம் அவளைப் பிடித்து இரண்டு பக்கமும் இழுத்தது. எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. ஒரு நிமிஷம் இருக்கலாம். அந்த ஒரு நிமிஷம், தீயைவிட அவளுக்கு என்மேல்தான் பயம் அதிகமாக இருந்தது.

"அவிய உள்ளதான் இருக்காவ சார்!" என்று உடைந்து அலறினாள். "ஈரத்துல நிக்க முடியல, நெஞ்ச அடைக்கின்னு போனாவ. நீங்க பாத்துருவியன்னு கடேசில போயிப் படுத்துருக்காவ. சொல்லாதன்னாவ சார்!"

எப்போதும் வாசலோரம் படுக்கிற மனுஷன். எனக்குப் பயந்துதான் கடைசி வரைக்கும், தார்ப்பாய் கட்டின மூலைக்குப் போயிருக்கிறார்.

அவள் சந்துக்குள் பாயப் போனாள். பிட்டர் குறுக்கே கையை நீட்டித் தடுத்தார். "ஒருத்தர எடுக்கப் போயி மூணு பேர் விழுவாவ. தீ வேண்டாம் சார், உள்ள அடைஞ்சு கெடக்க விசக்காத்தே ஆள அமுக்கிரும். வாசன தெரியாது. மூச்ச அடக்கிட்டுப் போகணும்" என்றார். "நான் போறேன்" என்றேன். வீரமெல்லாம் இல்லை. முப்பிடாதியின் முகத்துக்கு முன்னால் நிற்க முடியவில்லை, அதுதான் உண்மை. லாரிக் கயிற்றை என் இடுப்பில் கட்டினார். "முப்பது எண்ணுவேன். ஆளோட வந்தாலும் வராட்டியும் இழுத்துருவேன்" என்றார்.

மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நுழைந்தேன். உள்ளே நெருப்பு இல்லை, புகைகூட இல்லை. அதுதான் பயங்கரம். மங்கின வெளிச்சம், கதகதப்பு. முறுக்குச் சட்டி காய்கிற வாசம் மூச்சைப் பிடிப்பதற்கு முன்னாலேயே மூக்கில் ஏறியிருந்தது. எங்காவது உட்கார்ந்துவிடலாம் என்று கால் சொல்லியது. இரண்டு பக்கமும் பொதிகள், ஒவ்வொன்றின் நடுவிலும் நான் வைக்கச் சொன்ன துணி. எண்ணிக்கொண்டே போனேன். பதினெட்டில் அவர் பாதம் தட்டுப்பட்டது. பொதியில் கன்னத்தை வைத்து, குழந்தை மாதிரி கையைக் காலுக்கிடையில் வைத்துச் சுருண்டிருந்தார். உதடு சிவந்திருந்தது. அக்குளில் கையைக் கொடுத்துத் தூக்கினேன். அசையவில்லை. இருபத்துநாலு. என் மார்பு வெடிக்கப் பார்த்தது. அறியாமல் ஒரு மூச்சு இழுத்துவிட்டேன். தலைக்குள் ஏதோ கழன்ற மாதிரி இருந்தது. எண்ணிக்கை மறந்துபோனது. இத்தனை வருஷத்தில் அதைப் போல ஒரு பயத்தை நான் அறிந்ததில்லை. அப்போது இடுப்பில் கயிறு சுண்டியது.

என்னைக் கயிறு இழுத்தது, நான் அவரை இழுத்தேன். பாதி வழியில் காதுக்குப் பக்கத்தில் டங்கென்று ஒரு சத்தம். சூட்டில் ஒரு பட்டை தெறித்துப் பொதி வாயைப் பிளந்தது. உள்ளே செக்கச்செவேல் என்று இருந்தது. அவ்வளவு நாளும் நாங்கள் முதுகைச் சாய்த்துக்கொண்டிருந்தது அதன்மேல்தான்.

வெளியே வந்து விழுந்தோம். கொஞ்ச நேரத்தில் வரிசை முழுக்கத் தீ எழுந்துவிட்டது. தகரம் சுருண்டது, மேலே சாரல் பெய்துகொண்டே இருந்தது, தீ அதைச் சட்டை செய்யவில்லை. தீயணைப்பு வண்டி வந்து இரண்டு நாள் போராடியது. அதெல்லாம் எனக்கு அப்புறம் மற்றவர்கள் சொல்லித் தெரிந்தது. நானும் முப்பிடாதியும் சுடலையைக் குப்பை லாரியில் போட்டுக்கொண்டு தென்காசிக்கு ஆஸ்பத்திரிக்குப் பறந்தோம்.

டாக்டரம்மா ஒரு பஞ்சை எடுத்து அவர் உதட்டைத் துடைத்துப் பார்த்தார். பஞ்சில் ஒன்றும் ஒட்டவில்லை. "வெத்தலை இல்லை. புகைஞ்சுகிட்டிருக்கிற நெருப்போட காத்து ரத்தத்துல ஏறினா இப்படிச் செவக்கிறது உண்டு" என்றார். "இதுக்கு முன்னால தலைவலி, தள்ளாட்டம், வாந்தி இருந்துச்சா?"

"பத்து நாளா இருக்கும்மா" என்றாள் முப்பிடாதி.

"பத்து நாளா? வேலை பாக்கிற இடத்துல யாரும் கவனிக்கலையா?"

முப்பிடாதி என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள். பெருந்தன்மை என்று நினைக்காதீர்கள். அப்போதும் என்மேல் இருந்த பயம்தான் அது. நானும் வாயைத் திறக்கவில்லை. பிராணவாயுக் குழாயை வைத்துவிட்டு, விடியட்டும், அப்புறம்தான் சொல்ல முடியும் என்றுவிட்டார் டாக்டரம்மா.

நீங்கள் வாங்கப்போகிற மெஷின் வேறு, காலம் வேறு, எனக்குத் தெரியும். பொதி கட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். கட்டினால் குழி தாங்கும். ஆனால் எண்ணெய்த் துணியைத் தனியாகப் பிரித்துப் போடுங்கள். வரிசைக்கு நடுவில் காற்றை அடைக்காதீர்கள். தினமும் ஒரு கம்பியைச் செருகிப் பாருங்கள், பிறகு அதை நீங்களே தொட்டுப் பாருங்கள். இதெல்லாம் உங்கள் புத்தகத்திலும் இருக்கும். புத்தகத்தில் இல்லாதது ஒன்று உண்டு. உங்கள் ஆட்கள் ஓர் இடத்துக்கு என்ன பேர் வைத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். அடுப்படி என்று அவர்கள் மூன்று வாரமாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். உடம்புக்கு முடியவில்லை என்று ஒருவர் சொன்னால், அவரை ஊதச் சொல்வதற்கு முன்னால் அவர் எங்கே படுத்திருந்தார் என்று கேளுங்கள். உங்களைக் கண்டு அவர்கள் ஒளிகிறார்கள் என்றால் உங்களுக்கு மரியாதை கூடிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். எங்கே போய் ஒளிகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியாமல் போய்விடும். நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். பட்டது நானல்ல, அதுதான் கொடுமை.

மறுநாள் காலை பத்து மணி இருக்கும். கட்டிலின் கால்மாட்டில் நான் நின்றுகொண்டிருந்தேன். புகைக்கரி படிந்த அதே சட்டை, அதே காக்கி. சுடலை கண்ணைத் திறந்தார். முதலில் முப்பிடாதியைப் பார்த்தார். அவள் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதாள். பிறகு அவர் பார்வை மெல்ல நகர்ந்து என்மேல் வந்து நின்றது. முகம் மாறிவிட்டது. பதறி எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை.

"அண்ணாச்சி, படுங்க. எந்திரிக்காதீங்க" என்றேன். அவரை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

அது அவர் காதில் ஏறவே இல்லை. நான் வழக்கமாகச் சொல்லுகிற அந்த ஒரு சொல்லைத்தான் அவர் எதிர்பார்த்தார். முழங்கையை ஊன்றித் தலையை மட்டும் தூக்கினார். மூக்கிலிருந்த குழாயைத் தானே விலக்கினார். பிறகு வாயை அகலத் திறந்து, உடம்பில் மிச்சமிருந்த மூச்சையெல்லாம் கூட்டி, என் முகத்தைப் பார்த்து ஊதினார்.